நாலாம் சீட்டுக்கு அடியில்

பிரிண்டர் ஓடவில்லை என்பதற்காக ஒரு மனிதர் இத்தனை வியர்ப்பாரா? ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுச்சாமியின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"பன்னெண்டு மணிக்கு தாலுகா ஆபீஸ் சர்வேயர் வாராரும்மா. ஒரே ஒரு பேப்பர் எடுக்கணும். காலையிலேருந்து அந்த மிஷின் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கு."

"என்ன பேப்பர்?" என்றாள் சமீனா.

"அது ஒரு... ஆபீஸ் பேப்பர்."

ஆபீஸில் வேறு என்ன பேப்பர் இருக்கும்? சமீனா ஹெல்மெட்டை வரவேற்பு மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு சுற்றுப் பார்த்தாள்.

கனகலட்சுமி புரமோட்டர்ஸ். பைபாஸ் ரோட்டில் இரண்டாவது மாடி. வீட்டுமனை போட்டு விற்கிற கம்பெனி. ஹாலில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. அதில் நாள் முழுக்க ஒரு குடும்பம் இன்னும் கட்டாத வீட்டின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் பெயர் கொடுத்த கனகலட்சுமி, கண்ணுச்சாமியின் மனைவி. முதல் போட்டது அவள் பிறந்த வீடு. அந்த முதலோடு ஒட்டிக்கொண்டு அவள் தம்பியும் வந்துவிட்டான்.

"வாங்க மேடம், வாங்க! நாந்தான் ஐ.டி. ஹெட். அழகுராஜா."

கட்டடத்துக்குள்ளும் நெற்றிக்கு மேலே கூலிங் கிளாஸ். கைக்கு ஒன்றாக இரண்டு போன். அவன் கிட்டே வந்ததும் சென்ட் வாடை சமீனாவின் தொண்டை வரை இறங்கியது.

சமீனா காஜிமார் தெருக்காரி. மதுரையின் சின்னச் சின்ன அலுவலகங்களில் படுத்துக் கிடக்கும் சர்வர்களை எழுப்பிவிடுவதுதான் பதினோரு வருஷமாக அவள் பிழைப்பு. மெஷின் தானாகக் கெட்டுப்போய் அவள் பார்த்ததே அபூர்வம். பக்கத்தில் எப்போதும் ஒருத்தன் விசிட்டிங் கார்டோடு நின்றுகொண்டிருப்பான்.

"சர்வர்ல ஒண்ணும் பிரச்னை இருக்காது மேடம்," என்றான் அழகுராஜா. "மார்ச்சுல நானே முழுசா மாத்தியாச்சு. எல்லா சீட்டோட ஹோம் டைரக்டரியையும், அதாவது அவங்கவங்க ஃபைல் அம்புட்டையும், தனி டிஸ்க்குக்குக் கொண்டுபோயிட்டேன். நாலு டெரா! நீங்கெல்லாம் இதுக்கு ரெண்டு நாள் எடுத்துக்குவீங்க. நான் பன்னெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு பாத்தேன். ஒரே ஞாயித்துக்கிழமை, முடிச்சுவிட்டேன்."

"வீடியோவை முழுசாப் பாத்தீங்களாண்ணே?"

"பத்து நிமிஷத்துக்கு மேல தேவைப்படல."

"பழசை என்ன பண்ணுனீங்க?"

"எந்தப் பழசு?"

"பழைய டிஸ்க்ல இருந்த ஹோம் டைரக்டரி."

அழகுராஜா கண்ணுச்சாமியைப் பார்த்துச் சிரித்தான். பாருங்க மச்சான், இதுக்குத்தான் வெளி ஆளைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னேன் என்கிற சிரிப்பு. "அதான் மாத்தியாச்சுன்னு சொல்றேனே மேடம்."

சமீனா மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. பதிலும் கிடைத்துவிட்டது.

*

சர்வர் இருந்தது சரக்கு அறையில். மனை வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற குக்கர் பெட்டிகளை அதன் தலைமேல் ஏழு அடுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். கம்பெனியின் மொத்த நிலமும் வரைபடமாக அதற்குள் இருந்தது. இவர்களுக்கு அது குக்கர் வைக்க ஒரு ஸ்டூல்.

சமீனா பெட்டிகளை இறக்கினாள். லேப்டாப்பை மாட்டினாள். முதல் கட்டளையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

பழைய டிஸ்க் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் சர்வர் அதைத் தற்காலிகமாக இந்த டிஸ்க்கில்தான் எழுதி வைக்கும். அதற்குக்கூட இடமில்லை. பிரிண்டர் பாவம், அதன் மேல் தப்பே இல்லை. புதிய நாலு டெரா டிஸ்க்கோ முக்கால்வாசி காலி.

இதில்தான் விசித்திரம். எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் கொண்டுபோய்விட்டால் பழையது காற்றாடிக் கிடக்க வேண்டும். குடியிருந்தவர்கள் காலி பண்ணிப் போன வீட்டில் இன்னும் யார் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

பிரிண்ட் வரிசையைப் பார்த்தாள். தலையில் நின்ற ஃபைலின் பெயர்: 'சுபலட்சுமி ஒப்புதல் கடிதம் ஃபைனல் ஃபைனல் 3'.

படிக்கக் கூடாதுதான். படித்தாள்.

'திருமங்கலத்தை அடுத்த கனகா நகர் மனைப்பிரிவின் வரைபடத்தில், 09.03.2025 அன்று திருத்தம் செய்தபோது, எனது கவனக்குறைவால் ஓடை விடுபட்டுவிட்டது என்பதையும், இதில் நிர்வாகத்துக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும், யாருடைய வற்புறுத்தலும் இன்றி...'

இன்றி. சமீனா உதட்டைப் பிதுக்கினாள். தானாக மனம் வந்து எழுதுகிற ஒப்புதலுக்கு யாரும் மூன்று ஃபைனல் போட மாட்டார்கள்.

*

வரைபடம் போடுகிற அறையில் ஏழு சீட். நாலாவதில் ஒரு பெண் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கண் சிவந்திருந்தது. அணைத்திருந்த திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டுக் காகிதம்: சீட் 4, அதற்குக் கீழே பாஸ்வேர்டு.

"நீதான் சுபலட்சுமியா?"

"ஆமாக்கா."

"ஓடையை அழிச்சியா?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். போகச் சொல்லியிருந்தார்கள் என்பதே சரி.

"நான் அந்தப் படத்தைத் தொறந்ததே ஏப்ரல்லதான்க்கா. கல்லு நடுறதுக்கு பிரிண்ட் கேட்டாங்க, எடுத்துக் குடுத்தேன். அப்பவே அதுல ஓடை இல்ல. ஓடைன்னு ஒண்ணு இருந்துச்சுங்குறதே எனக்கு இப்பத்தான் தெரியும். போன வாரம் மழையில முப்பத்தொண்ணாம் நம்பர்லேருந்து முப்பத்தெட்டு வரைக்கும் எட்டு பிளாட்டுலயும் இடுப்பளவு தண்ணி. வாங்குனவங்க மனு குடுத்துட்டாங்க. கவர்மெண்ட் அப்ரூவல் குடுத்த படத்துல ஓடை இருக்காம். இவங்க வித்த படத்துல இல்லையாம்."

"சரி, நீ செய்யல. அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போடப்போற?"

"என் ஒரிஜினல் சர்டிபிகேட் அம்புட்டும் சாரு பீரோவுல இருக்குக்கா. வேலைக்குச் சேரும்போதே வாங்கி வச்சிக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டா குடுத்துருவாங்களாம். போடலைன்னா போலீசாம். எழுமலைக்கு போன் போட்டு எங்கய்யாகிட்டயும் சொல்லிட்டாங்க. அவரு பயந்துபோயி, போட்டுட்டு வந்துரு தாயிங்குறாரு."

"போட்டுட்டா?"

"அடுத்த மாசம் டிராப்ட்ஸ்மேன் பரீட்சை. கவர்மெண்ட் வேலை. ஓடையை மறந்த பொண்ணுன்னு சர்வேயர் ஃபைல்லயே என் பேரு ஏறிட்டா, அந்த சர்டிபிகேட்டை வாங்கி என்ன பண்றது? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவா?"

இந்த ஆபீஸில் வாயைத் திறந்து சுத்தமாக ஒரு வாக்கியம் பேசிய முதல் ஆள். சமீனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மார்ச் ஒம்பதுன்னு எப்படி வந்துச்சு?"

"ஃபைல்ல தேதி அப்படித்தான்க்கா இருக்கு. நாலாம் சீட்டு ஃபோல்டர், மார்ச் ஒம்பது. நாலாம் சீட்டு நானு. ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இருந்தேன்னு சொன்னேன். வீட்டுலேருந்து லாகின் பண்ணியிருப்பேங்குறாரு அழகுராஜா சார்."

"உன் பேர்ல லாகின் கிடையாதா?"

"இங்க ஆளுக்கு லாகின் கிடையாதுக்கா, சீட்டுக்குத்தான். யாரு வந்து உக்காந்தாலும் அவுக பேரு சீட் நாலு. பாஸ்வேர்டு கூட மாத்த மாட்டாங்க."

"உனக்கு முன்னாடி யாரு உக்காந்திருந்தா?"

"அழகுராஜா சார்தான். போன வருஷம் ஜூன்ல அவருக்குக் கேபின் கட்டுனாங்க, எந்திரிச்சுப் போனாரு. அதே வாரம்தான் நான் சேந்தேன். டிராயரைத் தொறந்தா முழுக்க அவரு போட்ட பாக்குப் பொட்டலம்."

சமீனா எழுந்தாள். "எதுலயும் கையெழுத்துப் போடாத. பேனா எழுதலன்னு சொல்லு, பாத்ரூம் போவணும்னு சொல்லு. கொஞ்ச நேரம் இழு."

*

சரக்கு அறைக்குத் திரும்பி நாலாம் சீட்டின் ஃபோல்டரைத் திறந்தாள். மார்ச் 9. அடுத்ததும் மார்ச் 9. அதற்கடுத்ததும். ஒன்றாம் சீட்டு, ஏழாம் சீட்டு, மார்ச்சுக்குப் பிறகு போட்டவை தவிர எல்லாம் அதே தேதி. நாற்பத்தோராயிரம் ஃபைல், அத்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலை, நாலு மணி பத்து நிமிடத்தில் தொடங்கி ஏழுக்குள் பிறந்திருந்தன. 2019 பொங்கல் வாழ்த்து அட்டைகூட அன்றைக்குத்தான் பிறந்ததாகச் சாதித்தது.

சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய், வாயில் கசப்பு வந்தது.

ஃபைல்களை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது பழைய தேதியையும் உரிமையாளர் பெயரையும் சேர்த்துக் கொண்டுவா என்று ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நகலெடுத்த நாள்தான் தேதி. அந்த வார்த்தை வீடியோவின் பதினோராவது நிமிடத்தில் இருந்திருக்கும். தேதி போயிற்று, உரிமையாளர் போயிற்று. மறுநாள் யாராலும் தங்கள் ஃபைலில் எழுத முடியாமல் கத்தியிருப்பார்கள். அதற்கு ஐ.டி. ஹெட் கண்ட வைத்தியம், எல்லா ஃபோல்டரையும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஏழு வீட்டுக்கும் ஒரே சாவி. அதையும் தெருவில் தொங்கவிட்டாயிற்று.

அழகுராஜா திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. அந்த அளவுக்கு அவனுக்கு மூளையைக் கொடுத்து அவமானப்படுத்த சமீனா தயாராக இல்லை. அவன் முட்டாள்தனமாகச் செய்து வைத்தான். போன வாரம் அக்டோபர் மழையில் தண்ணீர் ஏறி, மனு வந்து, பயந்துபோய் ஃபைலைப் பார்த்தபோது அதில் மார்ச் 9 என்று இருந்தது. அந்தச் சீட்டில் எழுமலைக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மச்சான்களும் சாமி கும்பிட்டிருப்பார்கள்.

சரி. ஆனால் பழைய டிஸ்க் ஏன் நிரம்பிக் கிடக்கிறது?

இந்த மாதிரி சர்வரில் புது டிஸ்க்குக்குத் தனி வாசல் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற ஒரு ஃபோல்டரின் பெயர்மேல்தான் அதை மாட்டுவார்கள். மாட்டியதும் அந்தப் பெயரில் புது டிஸ்க் மட்டுமே தெரியும். அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே சாமான் இருந்தால்? அது எங்கும் போகாது. அடியில் மூடிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவன் பழையதை ஒதுக்கிவிட்டுத்தான் புதியதை மாட்டுவான்.

விவரம் தெரிந்தவனை இங்கே எங்கே தேடுவது?

சமீனா பழைய டிஸ்க்கை வேறொரு பெயரில், பக்கவாட்டில் ஒரு வாசல் வைத்துத் திறந்தாள். எழுத முடியாதபடி, படிக்க மட்டும்.

ஏழு சீட்டும் அப்படியே இருந்தன. மார்ச் எட்டாம் தேதி வரை வாழ்ந்தபடியே. தேதிகள் ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. நாலாம் சீட்டு. கனகா நகர். வரைபடம்.

2022 ஆகஸ்ட் 17, புதன். காலை 11:52.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. வரைகிற புரோகிராம், முந்தின வடிவத்தைத் தானே ஒரு நகலாக எடுத்து வைக்கும். அந்த நகல்: அதே நாள், 11:31.

இரண்டையும் திறந்தாள். 11:31-இல் மனைப்பிரிவின் நடுவே நீலத்தில் ஓடை கோணலாக ஓடியது. 11:52-இல் ஓடை இல்லை. அது ஓடிய இடத்தில் எட்டு பிளாட், நம்பர் போட்டு, வரிசையாக.

இருபத்தோரு நிமிடம். 2022-இல் சுபலட்சுமி பாலிடெக்னிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருப்பாள்.

"என்ன மேடம், ஆச்சா?" சென்ட் வாடை முதலில் வந்தது, அழகுராஜா பின்னால் வந்தான். "சர்வேயர் வந்து ஹால்ல உக்காந்துட்டாரு. மச்சான் கெடந்து தவிக்கிறாரு."

சமீனா திரையை மாற்றினாள். "பழைய சாமான் கொஞ்சம் கெடக்குண்ணே. அதான் இடம் இல்ல."

"அழிச்சு விடுங்க!"

"பாக்க வேணாமா?"

"குப்பைய என்னத்தப் பாக்குறது? அழிங்க மேடம். பேப்பர் வரணும்."

அவன் வாயாலேயே கேட்டுவிட்டான். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பிரிண்டர் ஓடும், கடிதம் வரும், கையெழுத்து விழும், கனகா நகர் ஓடை இரண்டாம் தடவையும் காணாமல் போகும். தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை என்பதை நினைத்தால் சமீனாவுக்கு ஆத்திரத்தைவிட அருவருப்புதான் வந்தது. திருடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதையாவது பொறுப்பாகச் செய்யக் கூடாதா?

"என்கிட்ட ஒரு வழக்கம் இருக்குண்ணே," என்றாள். பையிலிருந்து ஒரு மஞ்சள் பேடை எடுத்தாள். "மேலூர்ல ஒரு அரிசி மில்லு. ஓனர் எல்லாத்தையும் அழிம்மான்னாரு, அழிச்சேன். மறுநாள் மக கல்யாணப் போட்டோ அதுலதான் இருந்துச்சுன்னு கடைவீதி பூராவும் என்னைத் திட்டிட்டுத் திரிஞ்சாரு. அதுலேருந்து, எது அழியுதோ அந்த லிஸ்ட்டைக் கம்பெனிக்காரங்க கண்ணால பாத்துட்டு இதுல கையெழுத்துப் போடணும். போடாம நான் ஒரு எழுத்தையும் அழிக்கிறதில்ல."

"இம்புட்டுத்தானே?" அழகுராஜா சரக்கு அறையின் சின்ன மானிட்டரைப் பார்த்து முகம் சுளித்தான். "இதுல என்னத்தத் தெரியும்? ஹாலுக்கு வாங்க, பெரிய டிவியில போடுங்க. நம்ம சிஸ்டம் எந்த ரேஞ்சுன்னு அந்த சர்வேயரும் பாத்துக்கட்டும்."

சமீனா ஒரு விநாடி அவனையே பார்த்தாள்.

"உங்க இஷ்டம்ணே."

*

சர்வேயர் பேயாண்டி கால் செருப்பில் காய்ந்த சேறோடு உட்கார்ந்திருந்தார். நேராகக் கனகா நகரிலிருந்து வந்திருக்கிறார். எதிரே வைத்த காபியில் ஆடை படிந்திருந்தது, அவர் தொடவில்லை. மூலையில் சுபலட்சுமி நின்றாள். அவளுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பச்சை ஃபைல், கயிறு கட்டியது. சர்டிபிகேட். கண்ணுச்சாமி அதன்மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார்.

"பொண்ணு சின்னப்பொண்ணு சார், தெரியாமப் பண்ணிட்டா. லெட்டர் இந்தா வந்துரும். நமக்கும் அவ மேல கோவமெல்லாம் இல்ல."

"லெட்டர் வரட்டும்," என்றார் பேயாண்டி.

டிவியில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பம் மறைந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

"சார், இது நம்ம சர்வரு," என்று அழகுராஜா முன்னால் வந்து நின்றுகொண்டான். "மார்ச்சுல நானே பர்சனலா அப்கிரேடு பண்ணுனது. ஆள் வைக்கல. ஹோம் டைரக்டரி பூராவையும் தனி டிஸ்க்குக்கு மாத்துனேன்."

"எந்தத் தேதிண்ணே?" என்றாள் சமீனா, பேடில் எழுதுகிறவள்போல.

"மார்ச் ஒம்பது, ஞாயிறு. ஒரே நாள்!"

"எத்தனை மணிக்கு?"

"சாயந்தரம் நாலு மணிக்கு உக்காந்தேன். ஏழு மணிக்கு அக்கா வீட்டுல சாப்பாடு."

"வேற யாரும் கூட இல்லையா?"

"நான் ஒருத்தன்தான் மேடம்! இந்த ஆபீஸ்ல வேற எவனுக்கு இது தெரியும்?"

கண்ணுச்சாமிக்கு ஏதோ உறைத்தது. "மாப்ள..." என்றார்.

"இருங்க மச்சான், டெக்னிக்கலாப் பேசிக்கிட்டிருக்கோம்."

சமீனா புது டிஸ்க்கின் பட்டியலைத் திரையில் ஓடவிட்டாள். மார்ச் 9, மார்ச் 9, மார்ச் 9. அருவியாகக் கொட்டியது. பேயாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது புதுசு. நீங்க அன்னைக்கு நகலெடுத்தது. அதான் எல்லாத்துக்கும் அந்தத் தேதி. சரிதானேண்ணே?"

"கரெக்ட்."

"இல்லைன்னா நாப்பத்தோராயிரம் ஃபைலையும் இந்தப் பொண்ணு எழுமலைல உக்காந்து ஒரே சாயந்தரத்துல போட்டிருக்கணும்."

அழகுராஜா சிரித்தான். தான் எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிச் சிரிப்பில் ஒரு சந்தேகம் வந்து அவன் உதடு அங்கேயே நின்றது.

"இது பழசு," என்றாள் சமீனா. "அழிக்கச் சொன்னீங்கள்ல, அந்தக் குப்பை. நீங்க இதை எடுக்கவே இல்லண்ணே. இதுக்கு மேலயே புதுசை மாட்டி மூடிட்டீங்க. உள்ள அப்படியே கெடக்கு."

பேயாண்டி முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். "எட்டு பிளாட்டுக்கு அடியில ஓடை கெடக்குற மாதிரி."

"அதே மாதிரிதான் சார். இதுல கனகா நகர் இருக்கு. அழிக்கலாமான்னு ஓனர் பாத்துச் சொல்லணும்."

திரையில் இரண்டே வரி. பெரிய எழுத்தில். 2022 ஆகஸ்ட் 17, 11:31. 2022 ஆகஸ்ட் 17, 11:52. சமீனா ஒன்றைத் திறந்தாள். சுவர் அகலத்துக்கு நீல ஓடை ஓடியது. அடுத்ததைத் திறந்தாள், எட்டு பிளாட் உட்கார்ந்திருந்தன.

கண்ணுச்சாமி எழுந்துவிட்டார். "அழிச்சிரும்மா. குடு, கையெழுத்துப் போடுறேன். அழி!"

"அழிக்காதீங்க," என்றார் பேயாண்டி. குரலை உயர்த்தவில்லை. "ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல நாலாம் சீட்டுல யாரு?"

கண்ணுச்சாமி மச்சினன் பக்கம் திரும்பினார். சுபலட்சுமி மூலையிலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள்.

"நான் சேந்தது போன வருஷம் ஜூன் சார். என் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் அந்தப் பச்சை ஃபைல்லயே இருக்கு. அதுக்கு முன்னாடி நாலாம் சீட்டுல உக்காந்திருந்தவரு," அவள் விரலை நீட்டினாள், "இவரு."

"ஏய், நான் சும்மா உக்காந்திருந்தேன்!" என்றான் அழகுராஜா. "மச்சான்தான் ஓடையை எடுக்கச் சொன்னாரு. கேட்டுப் பாருங்க!"

கண்ணுச்சாமி சோபாவில் விழுந்தார். பச்சை ஃபைல் மேலிருந்த கை தானாக நழுவியது. சுபலட்சுமி அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

சமீனா தன் மஞ்சள் பேடை மூடினாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் தங்கள் டிஸ்க்கைத் தாங்களே அழித்துப் பார்த்திருக்கிறாள். டிவி போட்டுக் காட்டி, விளக்கம் சொல்லி, தன்னைத் தானே அழித்துக்கொண்டவன் இவன் ஒருத்தன்தான்.

"அந்த ரெண்டு படமும், தேதி இருக்குற இந்தப் பக்கமும் எனக்கு பிரிண்ட் வேணும்," என்றார் பேயாண்டி. "இப்பவே."

"இடம் இல்ல சார். ஏதாவது ஒண்ணை அழிச்சாத்தான் பிரிண்டர் ஓடும்." சமீனா பழைய டிஸ்க்கின் பட்டியலை அளவு வாரியாக வரிசைப்படுத்தினாள். தலையில் ஒரு ஃபோல்டர் மலைபோல நின்றது. நாலாம் சீட்டு, பெயர் 'ராஜா பர்சனல்'. உள்ளே இருநூற்றுப் பதினாறு சினிமாப் படம்.

"அழகுராஜாண்ணே, இது உங்களோடதுதானே? இதோட நகல் புது டிஸ்க்ல பத்திரமா இருக்கு. இந்தப் பழசை எடுத்துறவா? இங்க ஒரு கையெழுத்து."

அவன் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டான்: "படம் எல்லாம் நெசமாவே அதுல இருக்குல்ல மேடம்?"

பேயாண்டிகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருக்குண்ணே. யாரு வேணா பாக்கலாம். நீங்கதானே எல்லாத்தையும் தொறந்து விட்டீங்க."

போட்டான். சமீனா படிக்க மட்டும் திறந்திருந்த வாசலை எழுதவும் திறந்து, ஒரு கட்டளை தட்டினாள். நாலு விநாடி கழித்து, காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிரிண்டர் ஒரு தரம் இருமியது. பச்சை விளக்கு எரிந்தது. ஓடத் தொடங்கியது.

வரிசையில் முதலில் நின்றது எதுவோ அதுதானே முதலில் வரும்? 'சுபலட்சுமி ஒப்புதல் கடிதம் ஃபைனல் ஃபைனல் 3' சூடாக வெளியே வந்து விழுந்தது. பின்னாலேயே ஓடை வந்தது. அதன் பின்னால் ஓடை இல்லாத படமும் இரண்டு தேதிகளும்.

பேயாண்டி படங்களை மடித்துத் துணிப்பைக்குள் வைத்தார். கடிதத்தை எடுத்துப் படித்தார். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்ற இடத்தில் அவர் கட்டை விரல் கொஞ்சம் நின்றது. காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"எப்ப சேந்த, எந்தச் சீட்டு, யாரு உன்னை இதுல கையெழுத்துப் போடச் சொன்னது. நடந்ததை எழுதிக் குடு தாயி. முன்பக்கத்தையும் நான் ஃபைல்ல வைக்கணும்."

சுபலட்சுமி உட்கார்ந்தாள். பச்சை ஃபைலை மடியில் வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்தாள். தன் பேனாவைத் தேடினாள். அது நாலாம் சீட்டிலேயே கிடந்தது.

அழகுராஜாவின் கையில் இன்னும் இருந்த பேனாவைச் சமீனா வாங்கி அவளிடம் கொடுத்தாள்.

பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். இன்றைய வேலைக்கு பில் எழுதி அனுப்பினாலும் இவர்கள் காசு கொடுக்கப்போவதில்லை. பரவாயில்லை. வாசலைத் தாண்டும்போது மேலேயிருந்து அழகுராஜாவின் குரல் கேட்டது.

"மச்சான், அந்த வீடியோக்காரன் இதைச் சொல்லவே இல்ல மச்சான்!"

சமீனா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.